நான் கழற்றிய பிளக்

எங்கள் மொழிபெயர்ப்பு ஒபிசில் சேர்வர் இருக்கும் அறைதான் தேத்தண்ணி போடும் அறையும். வேறு இடம் இல்லை. கண்டி நகரத்தில், கீழே ஒரு புடவைக் கடையும் மேலே நாங்களுமாக இருக்கிற பழைய கட்டடம் அது. முன்னறையில் முதலாளி. திகன ஊர்க்காரர், ஹஜ் செய்து வந்தவர், அதனால் எல்லோருக்கும் அவர் ஹாஜியார். நடு அறையில் டீச்சர். மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் வீடுகளிலிருந்தே வேலை செய்தார்கள். அவர்களை நான் கண்டதுகூட இல்லை. பின்னறையில் கேத்தலும் கோப்பைகளும் நானும். சுவரோரமாக ஒரு இரும்புத் தட்டில் அந்தக் கறுப்புப் பெட்டியும், அதற்கென்று ஒரு சின்னத் திரையும்.

சேர்வரைக் கொண்டுவந்து வைத்த அன்று, "தண்ணி தெறிக்காமப் பாத்துக்கங்க" என்று மட்டும் என்னிடம் சொன்னார்கள். பார்த்துக்கொண்டேன். ஒரு துளி படவில்லை. கேடு வேறு வழியால் வந்தது. அதைக் கொண்டுவந்தவன் நான்.

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். தமிழ் வாசிப்பேன். சிங்களம் பேசுவேன், எழுத்துக் கூட்டி வாசிக்கவும் செய்வேன். ஆங்கிலத்தில் எழுத்துகள் தெரியும், அவை சேர்ந்து நின்றால் என்ன சொல்கின்றன என்று தெரியாது. அந்த அறையில் என்னுடைய வேலைக்கு இது போதும். ஆனால் ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நின்று தேத்தண்ணி ஊற்றினால், அதைப் பற்றிப் பேசுவதெல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். கொழும்பிலிருந்து அதைப் பார்த்துக்கொள்ளும் மிஸ், வந்த நாளில் ஹாஜியாருக்கு விளக்கியதை நானும் கேட்டேன். சேர்வருக்குள் நான்கு எஞ்சின்கள் உண்டு. டீச்சர் ஒரு சிங்களப் புத்தகத்தை ஏற்றினால், அதை வசனம் வசனமாகப் பிரித்து அடுக்குவது ஒன்று. அதே வசனத்தை முன்பு யாராவது தமிழில் எழுதியிருக்கிறார்களா என்று பழையவற்றில் தேடுவது இன்னொன்று. டீச்சர் முடித்து அனுப்பியதும், தமிழ் வசனங்களைப் படங்களோடும் கட்டங்களோடும் அந்தந்த இடத்தில் பொருத்திப் புத்தகமாகக் கட்டுவது மூன்றாவது. கட்டியதை வாடிக்கையாளருக்கு அனுப்புவது நான்காவது. யாரும் கூப்பிடாமலே இவை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வருடம் வேலை கூடினபோது, ஹாஜியார் அவசரப்படுத்தியதால், ஒவ்வொரு எஞ்சினும் ஒரே நேரத்தில் எட்டு வேலை எடுக்கும்படி மிஸ் கூட்டி வைத்தார்.

கண்டியில் ஐப்பசி மாதப் பின்னேரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதியம் வரை வெயில் காயும். பிறகு ஹந்தானை மலைப் பக்கம் கறுக்கும். முதல் இடி இடித்ததும் ஊரெல்லாம் பிளக்குகளைக் கழற்றும். கடைகளில் கழற்றுவார்கள், வீடுகளில் கழற்றுவார்கள். எங்கள் தோட்டத்து லய வீட்டு வரிசையில் ஒரு இடிக்கு மூன்று வீட்டு டீவி ஒன்றாகக் கருகியதை நான் கண்ணால் பார்த்தவன். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே ஹாஜியார் சொன்னார்.

"தம்பி, எத மறந்தாலும் இத மறக்க வாணாம். இடி இடிச்சா எல்லாப் பிளக்கையும் கழட்டிப் போடுங்க. ஒண்டும் மிச்சம் வைக்க வாணாம்."

அப்போது சேர்வர் இருக்கவில்லை. அது வந்தபின் அவர் சொன்னதை மாற்றவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கேட்பது எனக்கு எப்போதுமே கஷ்டம்.

ஆகவே இடி இடித்தால் மின்விசிறி, கேத்தல், இன்டர்நெட் பெட்டி, டீச்சரின் கணினி, கடைசியாக சேர்வர் என்று வரிசையாகக் கழற்றுவேன். டீச்சரின் கணினி மடியில் வைக்கிற வகை, அதன் பட்டரியில் ஓடும். சேர்வருக்கும் கீழே ஒரு பட்டரிப் பெட்டி இருந்தது. சுவரிலிருந்து பிளக்கை எடுத்ததும் அந்தப் பெட்டி கூவத் தொடங்கும். டீச்சருக்குத் தலையிடி வரும் என்று நான் அதன் பொத்தானை அழுத்தி அணைத்துவிடுவேன். மழை விட்டதும் பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் திரும்ப ஓடும். பிளக்குகளை நான் கழற்றுவது ஒபிசில் எல்லோருக்கும் தெரியும். இடி நேரத்தில் இணைப்பு இல்லையே என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் சேர்வர் பட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். அந்தப் பொத்தானைப் பற்றி அறிந்தவன் நான் ஒருவன்தான்.

இப்படியிருக்கும்போதுதான் அந்தப் புத்தகம் வந்தது. தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கான சின்னப் புத்தகம். டீச்சர் இரண்டு வாரம் அதோடு இருந்தார். முடித்து அனுப்பிய மூன்றாம் நாள் ஹாஜியார் கையில் கடதாசிகளோடு நடு அறைக்கு வந்தார்.

"டீச்சர், இதென்ன இது. கடைசி நாலு பக்கமும் சிங்களத்திலயே இரிக்குதே."

டீச்சர் வாங்கிப் பார்த்தார். "நான் முழுக்கச் செய்துதான் அனுப்பினனான், ஹாஜியார். ஒரு வசனமும் விடேல்லை."

"அப்ப யாரு செஞ்ச வேல? பேய் வந்து திருப்பிச் சிங்களமாக்கிட்டுப் போச்சா?"

"பேயெண்டாலும் நல்லாப் படிச்ச பேய். ஒரு எழுத்துப் பிழை இல்லையே."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஹாஜியாருக்கு வரவில்லை. அந்த நான்கு பக்கத்தில்தான், மருந்து கண்ணில் பட்டால் என்ன செய்வது, வாந்தி வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் இருந்தது. அச்சுக்குப் போகுமுன் யாரோ பார்த்துவிட்டதால் தப்பியது.

டீச்சர் திறந்து பார்த்தபோது அவருடைய தமிழ் வசனங்கள் முழுதாக இருந்தன. திரும்ப அனுப்பினார். திரும்பவும் பாதியாகப் போனது. இம்முறை ஆறு பக்கம் சிங்களம். அன்றைக்கு ஹாஜியார் சத்தம் போடவில்லை. ஒரு கதிரையை இழுத்து டீச்சருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"புத்தகம் தந்தவங்க கோல் பண்ணினாங்க, டீச்சர். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்கா வராட்டி வேற ஆளப் போடச் சொல்றாங்க. இந்தப் புத்தகத்துக்கு மட்டுமில்ல, அவங்கட எல்லா வேலைக்கும். நான் என்னத்தச் சொல்ல. பாக்காமப் பொத்தான அமத்தி அனுப்பிட்டீங்க எண்டுதான் அவங்க நினைக்கிறாங்க."

"நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறியள்," என்றார் டீச்சர்.

ஹாஜியார் எழும்பி முன்னறைக்குப் போனார்.

டீச்சர் யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர். கணவருக்குக் கண்டிக்கு மாற்றம் வந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்து, குண்டசாலையில் பத்து வருடம் வீட்டோடு இருந்தவர். "இந்த வேலை என்ர மூளைக்கு நான் போடுற சாப்பாடு, அண்ணை" என்று ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கும்போது என்னிடம் சொன்னார். எங்கள் ஒபிசின் தமிழ் வேலையில் முக்கால்வாசி அந்த ஒரு வாடிக்கையாளருடையது. அது கைமாறினால் டீச்சருக்கு இங்கே மேசை இருக்காது. இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

புதன்கிழமை ஹாஜியார் கொழும்பு மிஸ்ஸைத் தொலைபேசியில் பிடித்தார். வழக்கமாக அவர் அங்கிருந்தே சேர்வருக்குள் நுழைந்து பார்ப்பார். அன்று அந்த வழியும் அடைத்துக் கிடந்தது. யாராவது திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல வேண்டும் என்றார். பின்னறையில் நின்றவன் நான். தொலைபேசியை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, என்னை முன்னே விட்டார்கள்.

"அண்ணே, இலக்கம் மட்டும் வாசிங்க போதும்," என்றார் மிஸ். "சேர்வர் நின்ற நேரங்கள் அதுல இருக்கும். போன வாரத்துல இருந்து சொல்லுங்க."

இலக்கங்கள் எனக்கு வரும். திகதியும் நேரமுமாக வாசித்தேன். வியாழன், மூன்று பத்து. வெள்ளி, இரண்டு ஐம்பது. சனி ஞாயிறு இல்லை. திங்கள், மூன்று இருபது.

"செவ்வாய்?"

"செவ்வாய் இல்லைங்க மிஸ்."

சொல்லும்போதே எனக்கு ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை மழை இல்லை. கோப்பை துடைக்கும் துணிகளைத் துவைத்துப் பின்பக்கக் கம்பியில் காயப்போட்டிருந்தேன். மற்ற நாட்கள் எல்லாம் இடி.

"கரண்ட் போச்சா அந்த நேரம்?" என்று மிஸ் கேட்டார்.

"இல்லையே. கீழ புடவைக் கடையில லைட் எரிஞ்சிக்கிட்டுத்தான் இருந்திச்சு," என்றார் ஹாஜியார்.

"அப்போ ஏன் நிக்குதுன்னு விளங்கல. எஞ்சின் பாதி வேலையில நின்னா, திரும்ப எழும்பினதும் கட்டின வரைக்கும் அனுப்பிவிட்டுரும். மிச்சம் பழைய மொழியிலயே இருக்கும். அதுதான் நடக்குது. ஆனா ஏன் நிக்குதுன்னு செட்டிங்கெல்லாம் பாக்கணும்."

டீச்சர் சட்டென்று ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார், "சரி, ஆனா அவங்களுக்கு இதயெல்லாம் சொல்ல ஏலாதே. சாட்டுச் சொல்றம் எண்டுதான் நினைப்பாங்க," என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நான் இதுவரை ஒரு முழு வசனம் பேசியதில்லை. கோப்பைகளைக் கழுவினேன். கழுவியவற்றையே திரும்பக் கழுவினேன். அன்று இடி இடிக்கவில்லை, அதனால் இன்னும் ஒரு நாள் பேசாமல் இருந்துவிட முடிந்தது.

வியாழக்கிழமை டீச்சர் புத்தகத்தை மூன்றாம் தடவையாக அனுப்பினார். ஹாஜியார் தொழுகைக்குப் போயிருந்தார். பொத்தானை அழுத்திய கையோடு டீச்சர் நடு அறையில் ஜன்னல் பக்கம் போய் நின்றார். பின்னறைத் திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. நாலைந்து நிமிடம் போயிருக்காது, ஹந்தானைப் பக்கம் உறுமியது. அன்றைக்கு ஒரு மணிக்கே வந்துவிட்டது.

கை பழக்கத்தில் பிளக்கை நோக்கிப் போனது. கழற்றினால் டீச்சரின் புத்தகம் பாதியில் நிற்கும். கழற்றாவிட்டால் இடி உள்ளே வந்து எல்லோருடைய வேலையையும் ஒரேயடியாகக் கருக்கிவிடும். சேர்வரின் மேல் மிஸ்ஸின் இலக்கத்தை எழுதி ஒட்டியிருந்தார்கள். என் போனை எடுத்து அழுத்தினேன். ஆளைக் காணாமல் பேசுவது எனக்குக் கொஞ்சம் சுலபம் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன்.

"மிஸ், நான் கண்டி ஒபிசில தேத்தண்ணி போடுறவன். பிளக்கைக் கழட்டுறது நான்தான். இடி இடிச்சா கழட்டுவேன். பட்டரிப் பெட்டி கத்தும், பொத்தான அமத்தி நிப்பாட்டிருவேன். எல்லா நாளும் நான்தான். இப்பவும் இடி இடிக்குது. என்ன செய்யட்டும்?"

அவர் மூச்சு விட்டது கேட்டது.

"அண்ணே, நேத்து முழுக்க நான் செட்டிங்கக் கிண்டிக்கிட்டு இருந்தேன். எங்கயாவது நான் பிழை விட்டுட்டேனோன்னு." அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். "கோபமில்ல. இப்ப கேளுங்க. பிளக்கைக் கழட்டுங்க, அது சரி. பொத்தானத் தொடாதீங்க. கத்தட்டும். பட்டரி பதினஞ்சு நிமிஷம் தாங்கும்."

கழற்றினேன். பெட்டி கூவியது. போனைச் சத்தமாக வைத்துத் தட்டில் சாய்த்தேன்.

"திரையில எத்தனை வரி ஓடுது?"

"நாலு. அதுக்குக் கீழ ஏழு வரி சும்மா நிக்குது."

"நிக்கிற ஏழும் இன்னும் முழுசா ஏறாத வேலை, அதுகளப் பத்திக் கவலையில்ல. தொடங்காத வேலைக்கு ஒண்ணும் ஆகாது. பாதியில நிக்கிறதுதான் கெட்டுப்போகும். நாலும் முடியணும், அந்த ஏழையும் எஞ்சின் எடுக்கக்கூடாது. மேல ஒரு மஞ்சள் கட்டம் இருக்கா? எழுத்த வாசிங்க."

"பி, ஏ, யூ, எஸ், ஈ."

"அதுதான், புது வேலை எடுக்காம நிறுத்தி வைக்கிறது. அமத்துங்க. நாலு எஞ்சினுக்கும் ஒவ்வொண்ணா."

முதலாவதை அமத்தினேன். இரண்டாவதை அமத்தும்போது வாசலில் டீச்சர் நின்றார்.

"என்ன சத்தம் அண்ணை?"

நான் திரும்பவில்லை. மிஸ்தான் போனிலிருந்து பேசினார். "யாரு, டீச்சரா? பிழை கண்டுபிடிச்சாச்சு டீச்சர். இடிக்குப் பயந்து அண்ணன் சேர்வர அணைச்சிருக்கார். உங்க வேலையில ஒரு பிழையும் இல்ல."

டீச்சர் உள்ளே வந்தார். மூன்றாவதையும் நான்காவதையும் அமத்தினேன். வெளியே மழை கொட்டத் தொடங்கியது. நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஓடிக்கொண்டிருந்த நான்கில் ஒன்று பச்சையானது. பிறகு இன்னொன்று. பட்டரி கூவுவது வேகமானது.

"உங்கட புத்தகம் எது?" என்று கேட்டேன்.

"அந்தக் கடைசி வரி."

மூன்றாவதும் பச்சையானது. கடைசி வரி அறுபதில் நின்றது, அறுபத்தைந்துக்குப் போனது. ஒரு இடி கட்டடத்தையே உலுக்கியது. டீச்சர் தட்டைப் பிடித்துக்கொண்டார். எண்பது. தொண்ணூறு. என் காதுக்குள் பட்டரியின் சத்தம்தான் இருந்தது. பிறகு அந்த வரியும் பச்சையானது.

"பச்சைங்க மிஸ். நாலும் பச்சை."

"இப்ப சேர்வர ஒழுங்கா அணைப்போம்," என்று மிஸ் அதற்கும் எழுத்துகளைச் சொல்லித் தந்தார். பெட்டி அடங்கியது. அறையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

டீச்சர் அங்கேயிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். "அப்ப நேற்று அந்த நேரமெல்லாம் வாசிக்கேக்கையே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும், டீச்சர்."

"தெரிஞ்சும், என்னை ஏச விட்டுட்டுக் கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஆமாங்க."

"இரண்டு தரம் கழுவினீங்கள். எண்ணிக்கொண்டுதான் இருந்தனான், ஏன் இந்த மனுசன் ஒரே கோப்பையைக் கழுவுறார் எண்டு." அவருடைய குரலில் கோபம் இருந்தது. ஆனால் அழுகைக்குப் பிறகு வருகிற மாதிரி ஒரு தளர்வும் இருந்தது. "நான் என்னையே சந்தேகப்பட்டுப் போனன், அண்ணை. வயசு போகுது, கண் பிழை விடுகுதாக்கும் எண்டு. இரவில எழும்பி யோசிச்சனான்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். மழை இரைச்சலில் கேட்டதோ தெரியவில்லை.

மழை விட்டதும் பிளக்கைச் செருகினேன். கட்டி முடிந்த புத்தகத்தை டீச்சர் திறந்தார். முன்பக்கங்களைப் பார்க்காமல் நேரே கடைசிக்குப் போனார். தமிழ். அதற்கு முந்தின பக்கமும் தமிழ். "வாசியுங்கோ," என்று திரையை என் பக்கம் திருப்பினார். மருந்து கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரால் கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்று இருந்தது. எங்கள் தோட்டத்தில் மருந்து அடிப்பவர்களுக்கு விளங்குகிற தமிழ். நான் மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல் நான்கு பக்கத்தையும் வாசித்தேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மிஸ்ஸைக் கேட்டு, நிறுத்தி வைத்த எஞ்சின்களை ஓடவிட்டு, புத்தகத்தை அனுப்பினோம்.

ஹாஜியார் நனைந்த குடையோடு வந்தபோது நானே சொன்னேன். அவர் முன்னறையில் நின்றபடி கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"எல்லாப் பிளக்கையும் கழட்டச் சொன்னது யாரு?"

"நீங்கதான், ஹாஜியார்."

"சேர்வர விட்டுட்டு எண்டு சொன்னனா?"

"சொல்லல."

"அப்ப யார ஏசுற நான்? என்னையே ஏசிக்கணும்." பிறகு டீச்சரின் மேசைப் பக்கம் திரும்பினார். டீச்சர் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஹாஜியார் போனை எடுத்து, வாடிக்கையாளரின் இலக்கத்தை அழுத்தி, நடு அறையின் நடுவிலேயே நின்று பேசினார். சிங்களத்தில்தான். பிழை எங்கள் இயந்திரத்தில், எங்கள் ஒபிசின் கவனக்குறைவு, மொழிபெயர்ப்பில் ஆரம்பத்திலிருந்தே ஒரு குறையும் இல்லை, அவரைப்போல இன்னொருவர் கண்டியில் எங்களுக்குக் கிடைக்கமாட்டார் என்றார். கடைசி வசனத்தைத் தேவைக்கு அதிகமாகவே சத்தமாகச் சொன்னார். டீச்சரின் விரல்கள் நின்றன. மற்றப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, ஹாஜியார், "நாளைக்குப் பாத்துட்டுச் சொல்லுங்க, அடுத்த புத்தகத்தையும் அனுப்புங்க," என்று முடித்தார்.

மறுநாள் காலை மிஸ் சொல்லச் சொல்ல மிச்ச வேலையையும் நானே செய்தேன். பட்டரிப் பெட்டியையும் சேர்வரையும் இணைக்க ஒரு வயர் வந்த நாளிலிருந்து உறை பிரிக்காமல் தட்டின் பின்னால் கிடந்தது. அதைச் செருகினேன். இனிப் பிளக்கைக் கழற்றினால் பட்டரி தானே சேர்வருக்குச் சொல்லும். எஞ்சின்கள் புதிய வேலை எடுப்பதை நிறுத்தி, கையில் இருப்பதை முடித்துவிட்டுத் தாமாக அணையும். எட்டு என்று இருந்த இடத்தில் இரண்டு என்று மாற்றினோம். எட்டு வேலையை ஒன்றாக இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பாதியில் வைத்திருப்பதைவிட, இரண்டை எடுத்துச் சீக்கிரம் முடிப்பது நல்லது என்றார் மிஸ். எனக்கு அது உடனே விளங்கியது. ஹாஜியாருக்குத்தான் இரண்டு என்றதும் முகம் சுருங்கியது. "எட்டு எண்டா கேக்க நல்லா இரிக்குமே," என்றார்.

அன்றைக்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது சோதித்துப் பார்த்தோம். டீச்சர் பழைய பெரிய புத்தகம் ஒன்றை ஓடவிட்டார், நான் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பெட்டி கூவியது. வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. யாரும் தொடாமலே சேர்வர் அணைந்தது. திரும்பப் போட்டபோது ஒரு வசனமும் குறையவில்லை. பின்னேரம் வாடிக்கையாளர் ஹாஜியாரை அழைத்து, புத்தகம் சரி, அச்சுக்குப் போகிறது என்றார்கள். அடுத்த வேலையும் டீச்சரின் பெயருக்கே வந்தது. டீச்சர் வீட்டுக்குப் புறப்படும்போது பின்னறை வாசலில் நின்று, "வாறன் அண்ணை," என்றார். அந்த வாரம் முழுக்க அவர் எனக்குச் சொல்லாமலே போயிருந்தார்.

தெல்தோட்டை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது.

"அண்ணே, கடைசி ஸ்டாண்ட். எறங்குங்க," என்று கொண்டக்டர் தோளைத் தட்டினார்.

நான் இறங்க வேண்டிய இடம் இரண்டு மைல் பின்னால் இருந்தது. திரும்பி நடந்தேன். தேயிலைச் செடிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை. வீட்டில் மனைவி, ஏன் பிந்திவிட்டது என்று கேட்டாள்.

"தூங்கிட்டேன்."

"எங்க, ஒபிசுலயா?"

"பஸ்ஸுல," என்றேன். அவள் நம்பவில்லை. பஸ்ஸில் நான் தூங்கி அவள் கண்டதே இல்லை.